நெஜமான்னு பாத்துச் சொல்லுமா

தெரியாது என்று சொல்வதற்கு அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. கேட்பவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "எனுக்குத் தெர்லமா." அதோடு விட்டுவிடவும் மாட்டார். கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடுவார். "வா, யாருக்குனா தெரிஞ்சிருக்கும். கேட்டுக்கினு வரலாம்."

தெருவில் எல்லோருக்கும் அவர் பால்வாடி அக்கா. மண்ணூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சின்னக் குடியிருப்பில் அங்கன்வாடி ஆயாவாக இருந்தார். டீச்சர் என்று தனியாக ஒருவர் உண்டு. ஆனால் பிள்ளைகளை வீடுவீடாகப் போய்க் கூட்டிவருவது, சமைப்பது, மூக்கைத் துடைத்துவிடுவது, தூங்கவைப்பது எல்லாம் இவர்தான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான நடை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. கணவர் கண்டெய்னர் லாரிகள் நிறுத்துகிற ஒரு யார்டில் வாட்ச்மேன். பகலெல்லாம் தூங்குகிற மனிதர்.

நான் அந்தத் தெருவுக்குப் போனது இரண்டாயிரத்து ஒன்பதில். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு செல்போன் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மூன்று பெண்களோடு சேர்ந்து தங்க அறை பார்த்திருந்தார்கள். முதல் நாள் பெட்டியோடு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வீட்டுக்காரர் பெயர் எழுதியிருந்த சீட்டைக் காட்டி நான் வழி கேட்டது அக்காவிடம்தான். பால்வாடி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தெர்லயேமா," என்றார். பிறகு முறத்தை உள்ளே வைத்துவிட்டு வந்து என் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மூன்று தெரு சுற்றினோம். கடைசியில் பார்த்தால் அந்த வீடு பால்வாடிக்கு நேர் பின்னால் இருந்தது. வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் வேறு பெயரில் கூப்பிட்டதால் வந்த குழப்பம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "இத்தினி வருசமா கீறேன், இன்னிக்குத்தான் அவரு பேரு தெரிஞ்சிக்கினேன்," என்று சொல்லிவிட்டு அரிசிக்குத் திரும்பிப் போனார்.

ஒருமுறை பால்வாடிக்கு மேலதிகாரி அம்மாள் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டாராம். இன்றைக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டதற்கு, டீச்சர் நோட்டைப் பார்த்து இருபத்திரண்டு என்றிருக்கிறார். அந்த அம்மாள் அக்கா பக்கம் திரும்பியிருக்கிறார். "தெர்ல மேடம், எண்ணிட்டுச் சொல்றேன்" என்று அக்கா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிப் பதினான்கு என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் அதன் பிறகு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

"இருபத்திரெண்டுன்னே சொல்லிட்டுப் போயிருக்கலாம்லாக்கா," என்று நான் கேட்டேன்.

"எண்ணாம எப்டிமா சொல்றது?" என்றார். கோபமாகவோ பெருமையாகவோ சொல்லவில்லை. உண்மையாகவே அது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. பிழைக்கத் தெரியாத மனுஷி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

செல்வியின் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த கதையையும் சொல்லவேண்டும். செல்வி எங்கள் தெருக்கோடியில் இருந்த சின்னப் பெண். ஹாலோ பிளாக் கல் போடும் இடத்தில் கூலி வேலை. கணவன் மண் லாரி டிரைவர். ஒன்றரை வயதுக் குழந்தை கண் செருகி வெட்டிவெட்டி இழுத்தபோது சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடு, வெங்காயத்தை முகர்ந்து பார்க்க வை, தண்ணீரை வாயில் ஊற்று. யாரோ அக்காவைப் பார்த்து, இத்தனை பிள்ளை வளர்க்கிறாயே நீ சொல் என்றார்கள். "எனுக்குத் தெரியாது," என்று குழந்தையை வாங்கித் தோளில் ஒருக்களித்துப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். கிடைத்த வண்டியை மறித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வாயில் தண்ணீர் ஊற்றியிருந்தால் மூச்சடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் செல்வி பிறகு பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அன்றிலிருந்து அக்கா ஒன்றைத் தெரியும் என்று சொல்லிவிட்டால் அந்தத் தெருவுக்கு அதற்கு மேல் விசாரணை கிடையாது. தெரியாது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்கிறவர் தெரியும் என்றால் அது தெரிந்துதான் இருக்கும்.

இனி என்னைப் பற்றி. என் வேலை டெஸ்டிங் லைனில். முடிந்து வருகிற போனை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடவேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் வலது தட்டு, சிவப்பு எரிந்தால் இடது தட்டு. பெட்டிக்குள் என்ன சோதிக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் தெருவில் நான் கம்பெனிப் பொண்ணு. போன் நல்லதா போலியா என்று பார்த்துச் சொல்கிற வேலை என்று நானே சொல்லி வைத்திருந்தேன். மெமரி கார்டு, சார்ஜர், இங்கிலீஷில் வரும் மெசேஜ் என்று எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பதில் சொல்லி அனுப்புவேன். பெரும்பாலும் தப்பாகப் போனதில்லை. தப்பாகப் போனதை என்னிடம் வந்து யாரும் சொன்னதில்லை என்பதுதான் சரி.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் கேபிள்காரர் தெருத்தெருவாக ஒரு சேதி சொல்லிக்கொண்டு வந்தார். இனிமேல் எல்லா வீட்டுக்கும் பெட்டி வைக்கவேண்டும், பெட்டி இல்லாவிட்டால் படம் வராது, பெட்டிக்குத் தனியாகக் காசு. அந்தத் தெருவில் பாதிப் பேர் வீட்டில் இருந்தது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி. டிவியே சும்மா வந்தது, அதற்கு ஒரு பெட்டியைக் காசு கொடுத்து வாங்குவதா என்று பெண்களுக்கு ஆற்றாமை. அந்த நேரம் பார்த்துச் செல்வியின் போனில் ஒரு விளம்பரம் வந்தது. டிவிக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு கறுப்புப் பெட்டி. கேபிளும் வேண்டாம், மாடியில் வைக்கிற டிஷ் குடையும் வேண்டாம், எல்லாச் சேனலும் வரும். பெட்டி முற்றிலும் இலவசம், பார்சல் செலவை மட்டும் போஸ்ட்மேனிடம் கொடுத்தால் போதும்.

செல்வி அதை அக்காவிடம் காட்டியிருக்கிறாள். அக்கா வழக்கம்போலத் தெரியாது என்றிருக்கிறார். செல்விக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதால், போனை மட்டும் வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அறையில் மற்ற மூவரும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் தலைக்குக் குளித்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து என் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத்த கொஞ்சம் படிச்சி, நெஜமான்னு பாத்துச் சொல்லுமா. டிவி பொட்டி சும்மா குடுக்கறானாம்."

வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்க இங்கிலீஷ். மேலே ஒரு பெரிய டிவி, அதில் சிரிக்கிற குடும்பம். ஐந்து நட்சத்திரம். பச்சையில் ஒரு டிக் குறி. இன்னும் பதினைந்து நிமிடங்கள்தான் என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் நிறைய இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. விரலால் மேலும் கீழும் தள்ளினேன். படிப்பது மாதிரி கண்ணை ஓட்டினேன். உண்மையில் எனக்கு அவ்வளவு இங்கிலீஷை ஒரே மூச்சில் படிக்கப் பயம். தப்பாகப் படித்துவிடுவேனோ என்றுகூட இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பதை அவர் பார்த்துவிடுவாரே என்று.

"நெஜந்தாங்க்கா," என்றேன்.

"உனுக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்க்கா. எங்க கம்பெனியிலகூட இந்த மாதிரி பெட்டிக்கு உள்ள வைக்கிற போர்டு வருது."

அப்படி எதுவும் எங்கள் கம்பெனிக்கு வந்ததில்லை. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று தானாகவே வந்து நின்றது.

அக்கா போனை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. "இதப் பாரு, தெர்லன்னா தெர்லன்னு சொல்லு. தப்பில்ல. வேற யாரையாவது கேட்டுக்கலாம். நாலு வூடு வாங்கலாம்னு கீது, அதான் கேக்கறேன்."

இதைவிட நன்றாக ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட முடியாது. எனக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. "என்னக்கா, நம்பிக்கை இல்லன்னா எதுக்கு எங்கிட்ட வாரீங்க?" என்றேன்.

"ஐய, அப்டி இல்லமா," என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருவில் சொன்னது ஒரே வரிதான். கேட்டுவிட்டேன், நிஜம்தானாம். யாரிடம் கேட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் கேட்டுவிட்டார் என்றால் போதும். செல்வி பத்தாவது வரை படித்தவள், ஆறு வீட்டுப் பெயரையும் விலாசத்தையும் அவளே போனில் அடித்து அனுப்பினாள். எங்கள் அறையில் டிவி கிடையாது என்பதால் நான் ஏன் வாங்கவில்லை என்ற கேள்வியும் எழவில்லை. பெட்டி வரப்போகிற தைரியத்தில் பெண்கள் கேபிள்காரரிடம் இனிமேல் உன் லைன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் வயரைச் சுருட்டிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாளில் பார்சல் வந்தது. போஸ்ட்மேன் பணத்தை வாங்கிக்கொண்டுதான் கையில் கொடுத்தார். அது விதி. நான் அன்று இரண்டாவது ஷிப்டு. மத்தியானம் கிளம்புகிற நேரத்தில் தெருவே கலகலவென்று இருந்தது. குழந்தைகள் ஒவ்வொரு வீடாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை நான் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது சத்தமே இல்லை. பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் கீழே ஒரு பெட்டி பிரித்துப் போடப்பட்டிருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் கூடு. உள்ளே சிவப்பாக எரிகிற ஒரு பொடி பல்பு, இரண்டு துண்டு வயர். கனம் தெரியட்டும் என்று பசை போட்டு ஒட்டிய உடைந்த தரை ஓடு ஒன்று. ஆறு பெட்டியிலும் அதேதான். மேலே இருந்த நம்பருக்கு அடித்தால் போகவில்லை.

கேபிள்காரர் மறுபடி வயரை இழுக்கத் தனியாகப் பணம் கேட்டார். அதோடு நாலு வார்த்தை நக்கலும் செய்துவிட்டுப் போயிருந்தார். அதில்தான் பெண்களுக்கு அதிகம் எரிந்தது.

அக்கா வந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள்.

"எனுக்குத் தெரியாத ஒண்ண நான் சொல்லிட்டேன்," என்றார். "கேட்டுத்தான் சொன்னேன். ஆனா நல்லா விசாரிக்கல. எம்மேலதான் தப்பு."

நான் அவருக்கு மூன்றடி தள்ளி, கையில் குடத்தோடு நின்றிருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தார் என்று இப்போது தெரிகிறது. நான் குனிந்து குடத்தைக் குழாய்க்குக் கீழே நகர்த்தினேன். என் முறைகூட வந்திருக்கவில்லை.

அன்று அறைக்கு வந்து அந்தப் பக்கத்தை என் போனில் தேடி எடுத்து முதல்முறையாகப் படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கம்பெனி விலாசம் எங்குமே இல்லை. படங்கள் மாதிரிக்கு மட்டும், சேனல் வருவதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கடைசியில் எழுதியிருந்தது. அந்தக் கடிகாரம் பக்கத்தை மூடித் திறக்கும்போதெல்லாம் மறுபடி பதினைந்திலிருந்தே ஓட ஆரம்பித்தது. இதைக் கண்டுபிடிக்கக் கம்பெனியில் வேலை பார்க்கவேண்டியதில்லை. ஒருமுறை மூடித் திறந்திருந்தால் போதும்.

செல்வியின் கணவன் மூன்றாம் நாள் சவாரி முடிந்து வந்தான். வீட்டில் கேபிள் இல்லை, ஓட்டுத்துண்டு ஒட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது. செல்வியை அடித்ததில் தாடை வீங்கிவிட்டது. அதோடு நிற்காமல் பால்வாடி வாசலுக்கு வந்து அக்காவை ஏமாற்றுக்காரி, கமிஷன் வாங்கியவள் என்று பிள்ளைகள் எதிரிலேயே கத்தினான். தன் மகளைத் தூக்கிக்கொண்டு போனான். மூன்று வயதாகியிருந்த அந்தப் பெண்குழந்தை அதன் பிறகு பால்வாடிக்கு வரவில்லை. செல்வி அதை ஹாலோ பிளாக் போடும் இடத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். சிமெண்டுத் தூசியில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும்.

அக்கா தினமும் காலையில் பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்பும்போது முதலில் செல்வி வீட்டு கேட்டில்தான் போய் நிற்பார். "பாப்பாவ அனுப்புமா." உள்ளிருந்து பதில் வராது, அல்லது அவன் குரல் வரும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எனக்குப் பகல் ஷிப்டு இருக்கும்போது பஸ் அந்த நேரத்தில்தான் வரும். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்திலிருந்து அந்த கேட் நன்றாகத் தெரியும். மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும், தன் பங்குச் சாப்பாட்டு முட்டையை எடுத்துக்கொண்டு கல் போடும் இடத்துக்கு நடந்துபோய் அந்தக் குழந்தைக்கு ஊட்டிவிட்டு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்தார். பெட்டியைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் வந்தது வேறு காரியத்துக்கு.

"போஸ்ட் ஆபீசுல கேட்டேன். ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கணும்னாங்க. எனுக்கு எழுத வராது. எழுதித் தரியா?"

நான் நோட்டிலிருந்து தாள் கிழித்தேன். அவர் சொல்லச்சொல்ல எழுதினேன். எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னார். அந்த இடம் வந்தபோது என் பேனா நின்றது.

"உம்பேரு வோணாம். ஒருத்தரக் கேட்டேன், அவரு நெஜம்னு சொன்னாருன்னு எழுது. அப்புறம், நல்லா விசாரிக்காம நான் மத்தவங்களுக்குச் சொன்னது எந்தப்புன்னு எழுது."

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்று இன்னும் அழகாக எழுதினேன்.

துணைக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். கூடப் போவதால் பாதி ஈடாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் ஏட்டு தாளைப் படித்தார்.

"கையெழுத்து யாருது?"

"இந்தப் பொண்ணுது சார்," என்றார் அக்கா.

ரைட்டர் என்னைப் பார்த்தார். "நீ யாரு?"

"பக்கத்து வீடு சார். எழுதிக் குடுக்க வந்தேன்," என்றேன். அவ்வளவு சரளமாக வந்தது.

"யாரோ ஒருத்தர் நெஜம்னு சொன்னாருன்னு போட்டிருக்கே, யாருமா அது? அவன்தான் ஏஜென்ட். ஆள் பிடிச்சுக் குடுத்துக் கமிஷன் வாங்கறவன். பேரச் சொல்லு."

"ஏஜென்ட்லாம் இல்ல சார்."

"அப்ப யாருன்னு தெரியாதா?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

ரைட்டர் பேனாவை வைத்தார். "இன்னாமா இது, தெரியும்ன்ற, சொல்ல மாட்டேன்ன்ற. தெரியாதுன்னு சொல்லியிருந்தாகூட உட்டுட்டுப் போயிருப்பேன்."

"தெரியாதுன்னு எப்டி சார் சொல்றது?" என்றார் அக்கா. "தெரியுமே."

வாழ்நாள் முழுக்க அவர் தயங்காமல் சொன்ன சொல். ஒரே ஒருமுறை பொய்யாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். அதை அவரால் சொல்ல முடியவில்லை. ரைட்டருக்கு அது திமிராகப் பட்டது. பெயர் ஞாபகம் வரும்வரை உட்கார் என்று சுவரோரம் இருந்த பெஞ்சைக் காட்டினார்.

பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். அவருக்குத் தெரிந்த முகங்களும் அதில் இருந்தன. சர்ச்சில் அவரோடு பாட்டுப் பாடுகிற ஒரு பெண் உள்ளே வந்து, இவரைக் கண்டதும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். அக்கா சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். மடியில் இருந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் பக்கத்திலேயே, தோள் படுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயரைச் சொல்ல எழுந்திருக்கவேண்டும் என்று பலமுறை நினைத்தேன். போலீசில் பெயர் வந்தால் கம்பெனிக்குத் தெரியும், கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஊரில் அப்பாவுக்குச் சேதி போகும். இதெல்லாம் காரணங்கள்தான். ஆனால் நான் அசையாமல் இருந்ததற்கு உண்மையான காரணம் இதைவிடச் சின்னது. படிக்காமலே படித்தேன் என்று சொன்னதை ரைட்டர் முன்னால், அக்கா கேட்க, என் வாயால் சொல்லவேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

நாலு மணி சுமாருக்கு ரைட்டர் அலுத்துப்போய், "போம்மா, பாக்கலாம்," என்று அனுப்பினார். அந்தப் புகார் என்ன ஆயிற்று என்று தெரியாது.

ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அக்கா கேட்டார். "ஏம்மா, அன்னிக்கு அத முழுசாப் படிச்சிதான சொன்ன?"

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. அரிசி வெந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டார். அவருக்கு அது ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

"படிச்சேம்க்கா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப சரி. படிச்சவங்களையே ஏமாத்தறானுங்கன்னா நம்மளாம் இன்னா பண்றது." முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. தெருவுக்குள் இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நாள் பூரா உக்காந்துனுருந்த. போயி சாப்புடு."

இரண்டு மாதத்தில் நான் ஒரகடத்தில் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அறை மாறிப் போனேன். சம்பளம் அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதிகமில்லை. அக்காதான் என் சாமான்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். கிளம்புவதற்குள் இரண்டு பெண்களிடம், "நல்லாப் படிக்கிற பொண்ணு, போவுது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை குன்றத்தூரில் வீடு பார்த்திருந்தார். பழைய தெருவுக்குப் பத்திரிகை கொடுக்கப் போகவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் போனேன். இந்தமுறை சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன்.

பால்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து வரிசையாகக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா இன்னும் இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டார். நான் அடுக்கி வைத்திருந்ததை ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த டிவி பெட்டி விளம்பரத்த நான் வாசிக்கவே இல்ல. ரெண்டு வரிகூட வாசிக்கல. கம்பெனியில போர்டு வருதுன்னு சொன்னதும் பொய். ஆட்டோல நீங்க கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

அவர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது. ஒரு பையன் வந்து சேலையை இழுத்தான். குனிந்து அவன் வாயைத் துடைத்துவிட்டார்.

"அந்தப் பாப்பா இப்ப ஒண்ணாவது படிக்குது," என்றார் நிமிராமலே. "செல்வி வூட்டுக்காரன் இன்னமும் எம்மூஞ்சியப் பாக்க மாட்டான். செல்விய இன்னமும் அதுக்கே ஏசறான். நீதான் ஒரு ஏஜென்ட்காரியோட சேந்துக்கினு குடும்பத்தக் கெடுத்தன்னு."

"மன்னிச்சிருங்கக்கா."

"எங்கிட்ட எதுக்குமா சொல்ற? செல்விகிட்ட சொல்லு. அந்தாளும் இருந்தா, அவனாண்டயும் சொல்லு. இந்நேரம் வூட்டுலதான் கீதுங்க."

நான் நின்றேன். அவர் கிளம்புவார் என்று நினைத்தேன். என்னோடு வருவார் என்று நினைத்தேன். அவர் பத்திரிகையை அலமாரியில் வைத்துவிட்டு, பாயை உதறி விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைக்க ஆரம்பித்தார். கோபமாக எதுவும் செய்யவில்லை. என் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

தெருக்கோடிக்குத் தனியாக நடந்தேன். செல்வி வீட்டு கேட் சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே அவனுடைய பைக் நின்றது. டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. செல்வி யாரிடமோ தண்ணீர் கேட்டாள். நான் கேட் கம்பியில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உள்ளிருந்து யாரோ எழுந்து வருகிற சத்தம் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன்.

பஸ் காலியாக வந்தது. இடதுபக்க ஜன்னலில் உட்கார்ந்தால் போகும்போது பால்வாடி வாசல் தெரியும். நான் வலதுபக்கம் போய் உட்கார்ந்தேன்.